சுவரைப் பார்த்து நின்ற ஜீப்

லடாக்கின் சாங்தாங் மேட்டில் ஜீப் ஓட்டும் மோட்டுப்புக்குக் குளிர்காலத்தில் இரண்டு வழக்கங்கள். மாலையில் பேட்டரியைக் கழற்றி வந்து, அடுப்பருகே கம்பளி போர்த்திப் படுக்க வைப்பான். "மோட்டுப்புக்கு ரெண்டு பொண்டாட்டி, கதகதப்பான இடம் மூத்தவளுக்குத்தான்" என்று ஊரே சிரிக்கும். வண்டியையோ இறக்கத்தின் உச்சியில், மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவான். காலையில் டீசல் எஞ்சின் அடம்பிடித்தால் உருட்டிவிட்டாவது உயிர் கொடுக்கலாமே!

நேற்று மாலை இந்த இரண்டாவது வழக்கத்தை முதன்முறையாக மீறினான். காரணம் பாசம். நிறைமாதக்காரி மனைவி குன்சேஸ் பனியில் சறுக்கிவிடக் கூடாதென்று வீட்டு வாசல்வரை ஏற்றிவந்து, சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

விடிந்ததும் அவளுக்கு வலி கண்டது.

மோட்டுப் வண்டியிடம் ஓடினான். பேட்டரியைப் பொருத்தினான். டீசல் மெழுகாய் உறைந்திருந்தது. தகரத் தட்டில் சாணக் கங்குகளை அள்ளி வண்டிக்கு அடியில் தள்ளிக் காத்திருந்தான். இரவில் தண்ணீரை வடித்துவிட்டிருந்த ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றினான். சாவியைத் திருகியதும் எஞ்சின் கிழட்டு யாக் எருதைப் போல முனகி அடங்கியது. மறுபடி திருகினான். முனகல்கூட இல்லை. உள்ளே குன்சேஸ் அலறினாள். ஐயோ, என் கையாலேயே அவளைச் சிறைவைத்துவிட்டேனே!

பக்கத்து வீட்டு அங்சுக் ஓடிவந்தார்.

"ஏன்டா, சுவரைப் பாத்து நிக்குது? சுவர்மேல ஏறியா போகப் போறே?"

"அவ வழுக்கி விழுந்துடுவாளேன்னுதான், ஆச்சோ..." அண்ணனாய் மதித்தவரிடம் அவன் குரல் உடைந்தது.

"அழுகையெல்லாம் ஆஸ்பத்திரியில வெச்சுக்கோ. இப்பத் தள்ளு!"

ஊரே திரண்டது. பின்னுக்குத் தள்ளி, திருப்பி, மூச்சிரைக்க உச்சிக்குக் கொண்டுபோனார்கள். குன்சேஸைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். கீழே உறைந்த ஓடை. அதை எட்டுவதற்குள் எஞ்சின் பிடிக்காவிட்டால், திரும்ப மேலே இழுக்க யாரிடமும் தெம்பில்லை.

ஜீப் உருண்டது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டான். வண்டி குலுங்கியது, எஞ்சின் வாய் திறக்கவில்லை. ஓடை நெருங்கியது. "தாயே, ஒரு தடவை!" என்று வண்டியிடமே கெஞ்சி, மறுபடி கிளட்சை மிதித்து விட்டான். ஓர் இருமல். கரும்புகை. பிறகு கடகடவென்று உயிர் வந்தது. மேலே நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள்.

வழியெல்லாம் அவன் காது எஞ்சினிலும் குன்சேஸின் மூச்சிலுமாக மாறி மாறிக் கிடந்தது. இரண்டில் எது நின்றாலும் அவனும் நின்றுவிடுவான்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. மோட்டுப் இறங்கவில்லை. பின்னுக்கும் முன்னுக்கும் வண்டியை வளைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?" வலியின் நடுவே சீறினாள் குன்சேஸ்.

"இறக்கம் பாத்து நிறுத்திடுறேன்..."

"பாவி! உன் மூத்தவ மூக்கை அப்புறம் திருப்பு. முதல்ல என்னை இறக்கு!"

அவன் எஞ்சினை அணைக்காமலே பாய்ந்து, அவளை அள்ளிக்கொண்டு ஓடினான்.