ஹில்கே வரைந்த மலையாறு

நெதர்லாந்தின் லீவார்டனில் பள்ளிக்கூடச் சுவர்ப்படங்கள் அடிக்கும் அச்சுக்கூடத்தில் எங்களுக்கு வேலை. படம் வரைபவள் ஹில்கே. பக்கத்து மேசையில் வண்ணம் தீட்டுபவள் நான். பென்சிலைத் தொடுமுன் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "படம் தானா வந்துடும்டி, நான் பாத்துப் போடுறேன், அவ்வளவுதான்" என்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும்.

அந்த வருஷம் பூகோளப் படவரிசை வேலை ஒன்று வந்தது. முதல் படம் சரியாக அமைந்தால் மொத்தமும் ஹில்கேவுக்கே என்றார் முதலாளி டெர்ப்ஸ்ட்ரா. ஸ்விட்சர்லாந்து மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு, அதுதான் முதல் படம். எங்களில் ஒருத்தரும் மலையைக் கண்டதில்லை. ஹில்கே கண்ணை மூடினாள், வரைந்தாள். மாதிரி அச்சைப் பார்த்து அச்சுக்கூடமே அசந்துபோனது.

படத்தைச் சரிபார்க்க வந்த, மலையெல்லாம் ஏறித் திரிந்த பூகோள வாத்தியார் புர்ஸ்மாவுக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னம்மா இது, ஆறு வீட்டுக் கூரைக்கு மேல ஓடுது! ரெண்டு பக்கமும் கரை வேற கட்டியிருக்கே!"

"ஆறுன்னா அப்படித்தானே ஓடும்?" என்று வாயை விட்டவள் நான். எங்கள் ஊரில் நிலம் தாழ்வு; கட்டிய கரைகளுக்கு நடுவே தண்ணீர் உயரத்தில் ஓடும், மாடுகள் கீழே மேயும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த மனுஷர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

முதலாளி சிரிக்கவில்லை. "வரிசைய ஆம்ஸ்டர்டாம்ல படம் போடுறவனுக்கே குடுத்துடறேன்."

"ஒரு வாரம் குடுங்க முதலாளி" என்றாள் ஹில்கே.

"போட்டோ தரேன், பாத்து வரைஞ்சிடும்மா" என்றார் வாத்தியார்.

"வேணாம் சார். காகிதத்துல கரைய அழிச்சுடலாம். தலைக்குள்ள இருக்கறத எப்படி அழிக்கறது? அடுத்த படத்துலயும் வந்து நிக்கும்."

கண்ணை மூடும்போதெல்லாம் கரைதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தவளை என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். உருளைக்கிழங்கு மசியலைக் குவித்து, உச்சியில் குழி பறித்து, இறைச்சிச் சாறை ஊற்றினாள். எல்லோரும் செய்வதுதான். சட்டென்று கை நின்றது.

"பாத்தியாடி, தட்டுலயும் கரை கட்டிட்டேன்!"

குழியை மூடி, மசியலைக் கூராகக் குவித்து, உச்சியிலிருந்து சாறைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது வளைந்து, அரித்து, பள்ளம் தேடி இறங்கியது. மறுபடி குவித்தாள், மறுபடி விட்டாள்.

"சாப்பாட்டுல என்ன விளையாட்டு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"விளையாட்டு இல்லண்ணே. உங்க தட்டையும் இப்படித் தள்ளுங்க."

அவர் முறைத்துக்கொண்டே தள்ளினார். நான் என் பங்கையும் கொடுத்தேன். அன்று மூவரும் வெறும் ரொட்டி தின்றோம்.

புதுப் படத்தில் ஆறு பள்ளத்தில் ஓடியது. வாத்தியார் தலையாட்டினார், வரிசை ஹில்கேவுக்கு வந்தது. அடுத்த படம் எங்கள் ஊரேதான். கண்ணை மூடினாள். வெகுநேரம் பென்சில் அசையவில்லை.

"நம்ம ஊரு ஆறும் கீழ போயிடுச்சுடி. மாடெல்லாம் மேல நிக்குது." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அழவில்லை. எழுந்து மழைக்கோட்டை மாட்டினாள்.

"மழையில எங்கடி போற?"

"ஆத்தங்கரைக்கு. நின்னு பாத்துதான் வரைவேன். இனிமே கண்ண மூடறதா இல்ல."