மணவறையில் ஏழு புடலங்காய்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு போன். கமுந்திங் ஊரிலிருந்து, முன்பின் தெரியாத ஓர் அம்மா.

“அக்கா, வர்ற மாசம் எங்க மகளுக்கு நிச்சயம். வாசல்ல எத்தனை புடலங்காய் கட்டணும்?”

கேட்டீர்களா? கட்டலாமா என்று கேட்கவில்லை. எதற்குக் கட்டுவது என்றும் கேட்கவில்லை. எத்தனை!

நான் அப்போது கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கேட்ட அதிர்ச்சியில் குழாய் திரும்பி, வேலி மேல் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பூனை முழுக்க நனைந்துவிட்டது.

ஏனென்றால், உலகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நான்கு மாதங்களுக்கு முன்பு வரை கிடையாது. அது எங்கள் வீட்டு கார் போர்ச்சில் பிறந்தது. பிறந்த நேரத்தில் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தோட்டப் பைத்தியம், இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். மண் என்று பார்த்தால் வேலியோரம் ஒரு பாய் அகலம். அதில் கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, துளசி, பண்டான், புதினா எல்லாம் வைத்தாயிற்று. (புதினா மூன்று முறை செத்துப் பிழைத்தது. இப்போது நன்றாக இருக்கிறது, விசாரித்தவர்களுக்கு நன்றி.) அதற்கு மேல் இடமில்லை. கை சும்மா இருக்குமா? அண்ணாந்து பார்த்தேன்.

போர்ச்சின் கூரைத் தகரம் ஒரு பெருங்காற்றில் பறந்துபோய், வெறும் இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. “அடுத்த மாசம் போட்டுடலாம்” என்று அப்பா மாதா மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வெயில், நல்ல உயரம், உறுதியான இரும்பு... பந்தலுக்கு வேறென்ன வேண்டும்? நைலான் வலையை இழுத்துக் கட்டினேன். இரண்டு பெரிய தொட்டியில் புடலை விதை. ஆட்டுப் புழுக்கை, அரிசி கழுவிய தண்ணீர். கொடி ஏறி, வலையை மூடி, வெள்ளைப் பூவாகச் சொரிந்தது. அப்பாவின் கார் தெருவுக்குப் போய்விட்டது.

புடலைக்கு ஒரு குணம் உண்டு. அதன் போக்கில் விட்டால் சுருண்டுகொள்ளும். பிஞ்சின் நுனியில் கொஞ்சம் கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக இறங்கும். ஊரில் எல்லோரும் கல் கட்டுவார்கள். என் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் வேலை. எங்கள் வீட்டில் கல்லுக்குப் பஞ்சம் வரலாம், பழைய ஸ்பார்க் பிளக்குக்கு வராது.

எட்டுக் காய். எட்டு பிளக். காற்றடித்தால் டிங்... டிங்... என்று கோயில் போல ஒரு சத்தம். ஆபீஸ் விட்டு வந்து அதன் கீழே நின்றால் எனக்குக் காபிகூட வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாணி அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது.

வாணி என் அக்கா. மாப்பிள்ளை தினேஷ். இரண்டு வருடக் காதல். அது இரண்டு வீட்டுக்கும் தெரியும். இருந்தாலும் முறையாக, முதன்முதலாகப் பார்ப்பது போல, வந்து பார்க்க வேண்டுமல்லவா? அதுகூடப் பிரச்சினையில்லை. தினேஷின் அம்மாதான் பிரச்சினை. சுங்காய் ஊர்க்காரர். சம்பிரதாயத்தில் மகா கறார் என்று பெயர். மூத்த மகனுக்குப் பாகான் செராயில் பெண் பார்க்கப் போனபோது, ஒத்தைப்படையில் வைக்க வேண்டிய தட்டை ஆறாக வைத்திருந்தார்கள் என்று பாதியில் எழுந்து வந்துவிட்டாராம். தட்டுக்கே இப்படியென்றால்?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். வியாழக்கிழமை அம்மா அரிவாளோடு போர்ச்சில் நின்றார்.

“எல்லாத்தையும் அறுத்துடு. வர்றவங்க தலையில பிளக்கு இடிக்கும்.”

“ஆயோ, இன்னும் பாதிகூட வளரல மா! ஒரு வாரம் குடுங்க!”

“அவங்களை ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லவா?”

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. “உனக்கு உன் புடலங்காய் முக்கியமா, என் வாழ்க்கை முக்கியமாடி?”

இது என்ன கேள்வி? அக்காவின் வாழ்க்கைதான். ஆனால் இரண்டையும் காப்பாற்ற முடிந்தால் நல்லதுதானே? தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய தங்கக் காகிதம் அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு பிளக்கையும் அதில் சுற்றி, மேலே செவ்வந்திப் பூச்சரம் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு மாவிலை. தள்ளி நின்று பார்த்தால் ஏதோ அலங்காரம் மாதிரி இருந்தது. அம்மா அரிவாளைக் கீழே போட்டார். “கோயில் திருவிழா மாதிரி இருக்கு. என்னமோ பண்ணு. அன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் அந்தப் பந்தல்ல கட்டுவேன்.”

சனிக்கிழமை ஒரு காய் கனம் தாங்காமல் காம்போடு அறுந்து விழுந்தது. பெரிய பிளக்காகக் கட்டிவிட்டேன். துக்கம் தாங்கவில்லை. மீதி ஏழு.

ஞாயிறு. வேன் வந்து நின்றது. தினேஷின் அப்பா, மாமா, பிறகு அந்த அம்மா. பச்சைப் பட்டு, நிமிர்ந்த நடை. கடைசியாக தினேஷ். நல்ல உயரம், பாவம். வாசலில் அக்காவின் நிழல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்...

டொக்.

நெற்றியில் சரியாக விழுந்தது. காய் முன்னும் பின்னும் ஊஞ்சலாடியது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். தினேஷின் அம்மா கையை உயர்த்தி, ஆடிய காயைப் பிடித்து நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“இது என்னது?”

அப்பா மேலே வானத்தைப் பார்த்தார். அக்கா கதவுக்குப் பின்னால் மூச்சை நிறுத்திவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்போது அம்மா, பிறந்ததிலிருந்து ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத என் அம்மா, முன்னால் வந்தார்.

“இது எங்க குடும்ப வழக்கங்க. பொண்ணு பார்க்க வர்றப்ப வாசல்ல புடலங்காய் கட்டுவோம்.”

“எதுக்கு?”

“கொடி மாதிரி குடும்பம் தழைக்கணும். காய் மாதிரி மனசு நேரா இருக்கணும். அதுக்குத்தான்.”

அந்த அம்மா மறுபடி அண்ணாந்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்! “ஏழு,” என்றார் மெதுவாக. சனிக்கிழமை அறுந்து விழுந்த காயே, உன்னை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

“நல்ல வழக்கமா இருக்கே. அப்ப கல்யாணத்துல மணவறையிலயும் கட்டணும்லா?”

“கண்டிப்பா!” என்றார் அம்மா.

அந்தக் ‘கல்யாணத்துல’ என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? கதவுக்குப் பின்னால் அக்காவும் கவனித்தாள். காபித் தட்டோடு வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

வேன் திரும்பிப் போனதும் அப்பா கேட்டார். “ஏம்மா, நம்ம கல்யாணத்துல எனக்கு எத்தனை புடலங்காய் கட்டுனீங்க?”

“உங்களுக்கு எதுக்கு? நீங்க என்னைக்கு நேரா இருந்தீங்க?”

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. மூன்று மாதத்தில் கல்யாணம். அன்றைக்கு நீளமாக, நேராக, தொங்கவிடுகிற மாதிரி புடலங்காய் வேண்டும். மார்க்கெட்டில் கிடைப்பது முழங்கை நீளம். இல்லையென்றால் மூட்டைக்குள் மடங்கிப்போனது. நாமே விளைவிக்க வேண்டும், அதுவும் நாள் பார்த்து! காய் முந்திக்கொண்டால் பழுத்துவிடும், பிந்தினால் பிஞ்சு. புடலங்காய் இல்லையென்று கல்யாணம் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள். “நம்ம குடும்ப வழக்கம்னு சொல்லிட்டு, நம்மளே கட்டலன்னா? ஆறு தட்டுக்கே எந்திரிச்சவங்கடி அவங்க.”

ஒரே நாளில் வீட்டில் என் மதிப்பு உயர்ந்துவிட்டது. புதிய தொட்டிகள் வந்தன. விதையை இரண்டு தவணையாகப் போட்டேன். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று. அம்மா அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைத் தேடினார். கல்யாண மேக்கப்புக்கு வாங்கிய புது பிரஷை அக்காவே எடுத்து வந்து, பொழுது சாயும் நேரத்தில் பூ விரியக் காத்திருந்து, ஆண் பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவில் தடவினாள். “கன்னத்துக்கு வாங்கினது. முதல்ல இதுங்களுக்கு மேக்கப்பு!” அப்பா தினமும் பாக்கெட் நிறைய பிளக் கொண்டு வந்தார். “புதுசே வேணுமா சொல்லு. கல்யாணம்லா!”

எல்லாம் நன்றாகத்தான் போனது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அடித்த புயல்மழையில் வலை ஒரு பக்கமாகச் சரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால், பிஞ்சும் காயுமாகத் தரையெல்லாம் பச்சை. அக்கா நைட்டியோடு வந்து நின்றாள். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பியவற்றை இருவரும் எண்ணினோம். நேரான காய் ஆறு. ஏழாவது, பாதி அறுந்த கொடியில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று. பிளக் கழன்று, கேள்விக்குறி மாதிரி வளைந்து கிடந்தது. மறுபடி பிளக் கட்டிப் பார்த்தேன். அது கேட்டால்தானே?

ஆறா? ஆறு கூடாது. கோணலா? ‘காய் மாதிரி மனசு நேரா இருக்கணும்’ என்று அம்மா சொல்லிவிட்டாரே!

“கோணலையும் கட்டு,” என்றாள் அக்கா. “பூவுக்குப் பின்னால மறைச்சுடலாம்.”

கல்யாணத்தன்று விடியற்காலையில் அறுத்து, ஈரச் சாரத் துணியில் சுற்றி, வேன் பின்சீட்டில் படுக்க வைத்து சுங்காய்க்குக் கொண்டுபோனோம். அவை காலை நீட்டிப் படுத்திருந்தன. நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர். மண்டபத்தில் மணவறையைச் சுற்றி வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், நடுவில் ஏழு புடலங்காய். ஒவ்வொன்றின் நுனியிலும் தங்கக் காகிதம் சுற்றிய ஸ்பார்க் பிளக். அதுவும் இப்போது சம்பிரதாயம், விட முடியுமா? விருந்தாளிகள் செல்பி எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். யாரோ குருக்களிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “விசேஷமானது,” என்று முடித்துக்கொண்டார்.

தாலி ஏறியது. அக்கா அழுதாள், சிரித்தாள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் தினேஷின் அம்மா. இப்போது எனக்கு அத்தை. இலையைப் பார்த்துக்கொண்டே, என் காதோடு:

“ஓரத்துல இருக்கிற அந்தக் கோணக் காய்க்கு பிளக்கு கனம் பத்தல போலிருக்கே?”

அப்பளம் என் தொண்டையில் நின்றுவிட்டது. “அத்தே... பிளக்குன்னு...”

“என் மகன் நெத்தியில இடிச்சதுல காகிதம் கிழிஞ்சு போச்சு. கையில பிடிச்சேன்லா? நான் புடலை போட்டா இரும்பு நட்டு கட்டுவேன். உங்க வீட்ல பிளக்கு.”

“அப்ப தெரிஞ்சுமா அத்தே...?”

“உங்கம்மா முகத்தைப் பார்த்தேன். மகளுக்காக நின்ன இடத்துல ஒரு சம்பிரதாயத்தையே உண்டாக்கிட்டாங்க. இப்படி ஒரு சம்பந்தி எனக்கு எங்க கிடைக்கும், சொல்லு?”

தைரியம் வந்துவிட்டது. கேட்டேவிட்டேன். “அப்ப பாகான் செராய் ஆறு தட்டு?”

அத்தை ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “அந்தப் பொண்ணு கண்ணு வீங்கியிருந்துச்சுமா. மனசுல வேற யாரோ. வெளிய சொன்னா அவ அப்பன் சும்மா விடமாட்டான். நான் என்ன செய்ய? தட்டு ஆறா இருந்துச்சு. தட்டு மேல பழியைப் போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பேரு கெட்டது எனக்குத்தானே... போகட்டும்.”

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சம்பிரதாயம் என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஏன், எதற்கு, யார் சொன்னது என்று கேட்கிற ஜாதி நான். ஆனால் ஒருத்தர் ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்கச் சம்பிரதாயத்தை உண்டாக்கினார். இன்னொருத்தர் ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்காமலிருக்க அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமே வாயால் சொல்ல முடியாத ஒன்றை அதில் சுற்றித்தான் கொடுத்திருக்கிறார்கள், தங்கக் காகிதத்தில் பிளக் மாதிரி. இனி யாராவது ‘எங்க வழக்கம்’ என்றால், நான் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

இதையெல்லாம் எழுத அத்தையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பாகான் செராய் பெண் நினைத்தவரையே கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாளாம், அதனால் எழுதலாம் என்றார். அம்மாவிடம் வாங்கவில்லை. சம்பந்திக்கு எல்லாம் தெரியும் என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தப் பக்கத்தை அவர் படிக்கும்போது நான் சுங்காயில், அத்தை வீட்டுக் கொல்லையில் புடலை விதை போட்டுக்கொண்டிருப்பேன்.

சரி, கமுந்திங் போன்? “எத்தனை கட்டணும்?” என்று கேட்டார்களே. அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“ஒத்தைப்படைதான் லா. நுனியில தங்கக் காகிதம் மறந்துடாதீங்க. ஆங்... அதுல ஒண்ணு மட்டும் கோணலா இருக்கணும். ரொம்ப விசேஷம்!”

கமுந்திங் அக்கா, விதை நான் தருகிறேன். பிளக்குக்கு அப்பாவிடம் சொல்லியாயிற்று.