எல்லோரும் பார்த்த கோல்

எங்கள் விளையாட்டுக் கழக யாப்பின் ஏழாம் விதிப்படி, பயிற்சியாளராக வருபவர் முன்பு ஆடியதற்கான எழுத்துச் சான்றைச் செயலாளரிடம் காட்ட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஈஸ்ட் ஹாமில், அந்தச் செயலாளர் நான். எங்களுக்குப் புதிய பயிற்சியாளராக வந்த இவர் எதையும் காட்டவில்லை. இலங்கை உதைபந்தாட்ட அணியில் ஆடியவராம். அவர் அடித்த கோலை எங்கள் நிர்வாகக் குழு முழுவதும் கண்ணால் கண்டதாம். ஒருவர் யாழ்ப்பாணத்தில் கண்டார், ஒருவர் கொழும்பில், இன்னொருவர் கொட்டும் மழையில். அவர் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

கொழும்பிலுள்ள உதைபந்தாட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். சான்று கிடைக்காவிட்டால் அவரை நிறுத்துவது என் கடமை.

நரைத்த மீசையும் மடிப்புக் குலையாத வெள்ளைக் கால்சட்டையுமாக வருவார். யாராவது கோலைப் புகழ்ந்தால் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவார், அது ஏற்கெனவே கட்டியிருந்தாலும்.

ஒரு சனிக்கிழமை பூங்காவில் நேராகவே கேட்டேன்.

"அந்தக் கோலை எங்கை அடிச்சனீங்கள்?"

"ஒரு இடத்தைச் சொன்னா மற்ற இடத்திலை பாத்தவைக்குக் கோவம் வரும், அண்ணை. கொழும்பிலையிருந்து பதில் வந்ததோ?"

"இன்னும் இல்லை."

"வந்தா எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

அதன்பின் வாராவாரம் அவரே கேட்டார். பொய்யன் இப்படிக் கேட்பானா என்று குழம்பினேன். கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில், அந்தக் கோலுக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவன் நான்.

இலங்கைக்காக அவர் மூன்று ஆட்டங்கள் ஆடினார், கோல் எதுவும் அடிக்கவில்லை என்ற பதில் வந்தது மறுநாள், திங்கட்கிழமை.