சத்தம் போடும் இன்ஜினா, சும்மா ஓடும் இன்ஜினா?

தட்டாஞ்சாவடியில் தகரக் கொட்டகை போட்டு ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆரம்பித்தபோது, எனக்கு அளவு டேப் பார்க்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது. படிப்பு ஐந்தாவதோடு சரி. கடன் கேட்டுப் போன இடத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கொட்டகையிலிருந்துதான் ஆளுயரப் பெட்டிகள் வெளியே போயின. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் எதிர்க்காற்று அடித்தாலும் கடைசி ஆள் வரை கேட்கிற மாதிரி குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் நான். மாதா கோயில் தேர்பவனிக்குத் தேரோடு கூடவே நகர்கிற மைக் செட் — அதுவும் நான்தான். மீட்டர் வைத்துப் பார்த்த இன்ஜினியர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கல்யாண மண்டபத்தில், கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றேன். தூண் பக்கம் இருந்த பெட்டியைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். எதிரொலி போன இடம் தெரியவில்லை!

எல்லாம் இந்த இரண்டு காதை வைத்துச் செய்தது. ஐந்தாவது படித்தவனுக்குப் பத்திரிகையில் பத்தியா என்று கேட்டவர்களும் உண்டு. மூன்றாவது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்... என்னைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

அப்பேர்ப்பட்டவனைப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொம்மை ரயில் கவிழ்த்துவிட்டது.

என் நண்பன் லூயி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ‘சொல்தா’. முதலியார்பேட்டையில் அவன் வீட்டு மாடியில், இருவருமாக ஆறு வருடமாய் ஒரு ரயில் பாதை கட்டி வருகிறோம். விழுப்புரத்தில் கிளம்பி, சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் தாண்டிப் புதுச்சேரி வரும். ரயிலும் தண்டவாளமும் அவன் பிரான்சிலிருந்து வரவழைப்பது. மேஜை, பாலம், மலை, ஒயரிங் எல்லாம் என் கை. விழுப்புரம் லைனில் ஏது மலை என்று லூயி கேட்டான். மலை இல்லாமல் என்ன பொம்மை ரயில்? வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைக் காட்சிக்கு வைக்கிறார்கள். அதற்குப் புதிதாக ஒரு நீராவி இன்ஜின் வேண்டும். இன்ஜினில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே ஒரு சிப்பும் கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரும் வைத்தது. பட்டனை அமுக்கினால் கூவும், புகைவிடுகிற சத்தம் வரும், பிரேக் கிறீச்சிடும். இன்னொன்று சும்மா ஓடும். முதல் வகை, விலையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சத்தம் போடுவதுதான் என்றேன். எப்போதும் ஒசத்தியானதையே கேட்கிற லூயி, அன்றைக்கு அதிசயமாய்ச் சும்மா ஓடுவது போதும் என்றான்.

“சத்தம் வேணாம் ஏழுமல. அரை மணி நேரத்துல தலவலி வந்துடும்.”

பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் கட்டைவிரல் ஸ்பீக்கர் தலைவலியா? கூவாத ரயில் பாடைக்குச் சமம் என்று திட்டினேன். அவன் மசியவில்லை. அதே காசுக்கு இரண்டு இன்ஜின் வாங்கலாம் என்றான். வெளிநாட்டு இன்ஜின் வெளிநாட்டுக் கூவல்தான் கூவும், வில்லியனூருக்கு அது ஒட்டாது என்றான். பிடிவாதத்தில் யாருக்குக் குறைந்தவன் நான்? என் சொந்தச் செலவில், பிரான்சில் இருக்கிற அவன் தங்கை மகன் மூலமாக, சத்தம் போடுவதையே வரவழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. மாடியில் நான், லூயி, அவன் மனைவி தெரேஸ். இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். அழகாக ஓடியது. கூவல் இல்லை. மறுபடி அமுக்கினேன். இல்லை. ஏழெட்டுத் தடவை அமுக்கியிருப்பேன்... ஒன்றுமே இல்லை.

டப்பாவில் ஒன்றைப் போட்டு உள்ளே வேறொன்றை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். பிரான்ஸ் தேசத்தையே ஒரு பிடி பிடித்தேன். ரொட்டி கொஞ்சம் தீய்ந்திருந்தாலே பேக்கரியில் சண்டை போடுகிற லூயி, அன்று என் முகத்தைப் பார்க்காமல், திருப்பி அனுப்பிவிடலாம் என்றான். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

திறந்து பார்க்காமல் அனுப்புகிறவனா நான்? ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஸ்பீக்கர் இருந்தது. பழுதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சத்தம் விடச் சொல்லி, ஸ்பீக்கர் முகத்தில் துடிக்கிற தாளின்மேல் விரல் வைத்துப் பார்ப்போம். விரலை வைத்தேன். பட்டனை அமுக்கினேன்.

விரல் நடுங்கியது.

நீளமாய் ஒரு நடுக்கம், ஓர் இடைவெளி, குட்டையாய் ஒன்று. ரயில் கூவுகிறது. என் விரலுக்குத் தெரிகிறது. காதில் மின்விசிறியின் உறுமல் மட்டும்தான். மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அப்படியே.

நிமிர்ந்து பார்த்தேன். லூயி பிரெஞ்சில் மனைவியிடம் என்னவோ சொன்னான். வாயைத் திறக்காதே என்றிருப்பான். தெரேஸ் அதைக் கேட்கவில்லை.

“அண்ணே, அது வச்சதுலேர்ந்து கூவிக்கிட்டுதான் இருக்குது.”

இன்னொரு தடவை தாளின்மேல் விரல் வைத்தேன். அவரே பக்கத்தில் வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“போன வருஷம் தேர்பவனியில, நீங்க செட் பண்ணிட்டு வூட்டுக்குப் போனதும் உங்க ஆளுங்களே வந்து கொறச்சாங்க. எல்லாருக்கும் காது கிழிஞ்சிடுச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு இவருதான் தடுத்தாரு.”

எனக்குக் கேட்கவில்லை என்று, கீச்சென்ற மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிளை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறேன். ஊரே காதைப் பொத்தியிருக்கிறது. எந்தத் திருவிழாவிலிருந்து இப்படி? எத்தனை கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்த பிறகு என் வேலையைத் திருத்தினார்கள்? “அண்ணன் காது, காது” என்று அவர்கள் புகழ்ந்ததில் எது நிஜம்?

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்த்தேன். மேல் சத்தமெல்லாம் போய்விட்டதாம். காலமெல்லாம் ஸ்பீக்கர் முன்னால் நின்றதன் பலன். திரும்பி வராது, மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியும் என்றார். மெஷின் வைத்துக்கொண்டு மைக் செட் சரிபார்க்கவா? கேட்டேன். அவர் பதில் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

கண் மங்கினால் உலகம் இருட்டுகிறது, நமக்கே தெரிந்துவிடும். காது மங்கினால்? இந்தக் காலத்து ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறோம்.

அதிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கோயில் வேலை இருந்தது. என்னிடம் பதினெட்டு வருடமாக இருக்கிற ஆளைக் கூப்பிட்டு, நீயே போய்க் கேட்டு வை என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. சரி என்று போய்விட்டான். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்...

லூயியிடம் மட்டும் கேட்டேன், ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று.

“சொன்னா கொட்டாய மூடிட்டு மூலையில குந்திக்குவ. அப்புறம் நான் யாருகூட ரயில் வுடறது?”

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணத்தால் என்னைத் தவிர ஊருக்கே தெரிந்துபோனதே! தெரிந்திருந்தால் ட்ரெபிளில் கை வைக்காமலாவது இருந்திருப்பேன்.

எந்த இன்ஜின் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மாறவில்லை. சத்தம் போடுவதையே வாங்குங்கள். வேண்டாத நேரத்தில் ஒரு பட்டனில் வாயை அடைக்கலாம். சும்மா ஓடுவதைப் பேச வைக்க வயிற்றைக் கிழிக்க வேண்டும்.

ஆனால் பள்ளிக்கூடத்தில், ஏற்கெனவே இருக்கிற சும்மா ஓடும் இன்ஜினைத்தான் விடப்போகிறானாம் லூயி. வாசலில் வைக்கப் பலகையும் எழுதி வந்துவிட்டது: ‘லூயி அவர்களின் ரயில் உலகம்’. என் பெயர் எங்கே என்றேன். “ஒம் பேர போட்டா சத்தத்தப் பத்தி ஒன்னத்தான் வந்து கேப்பாங்க. ஒனக்கு எதுக்குய்யா அந்தத் தொல்லை?” என்கிறான். இதுவும் நல்ல எண்ணம்தானாம்!

லூயி, ஞாயிற்றுக்கிழமை முதலில் நீ படிப்பது இந்தப் பக்கத்தைத்தான். நன்றாகப் படி. கூவுகிற இன்ஜின்தான் ஓட வேண்டும். எனக்குக் கேட்காது, வருகிறவர்களுக்குக் கேட்கும். எந்த நாளும் நான் எனக்காகவா ஸ்பீக்கர் கட்டினேன்? யாராவது சத்தம் எப்படி என்று என்னிடம் கேட்டால், எனக்குக் காது போய்விட்டது, நீங்களே சொல்லுங்கள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். பலகையில் உன் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இன்னொரு வரி சேர்: மேஜை, பாலம், மலை, சத்தம் — ஏழுமலை, தட்டாஞ்சாவடி.

இடம் போதவில்லை என்றால் மலையை எடுத்துவிடு... சத்தத்தில் கை வைக்காதே.