விருந்தாளிக்கு ஒரு சொம்பு

எங்கள் ஊர் காங்கேயத்துக்குக் கிழக்கே. கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். மாடு குடிக்கும், தென்னை குடிக்கும், நாங்களும் குடித்தோம். பெண் கொடுப்பவர்கள் மட்டும் குடிக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு வந்த வரன்கள் எல்லாம் கிணற்றடியோடு திரும்பிப் போயின. கோயமுத்தூரில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன், அப்பா இறந்ததும் தோட்டத்தைப் பார்க்க வந்தவன். "உப்புத் தண்ணி ஊடு" என்ற பேச்சு வந்தால் அந்தப் படிப்பெல்லாம் எடுபடாது.

அதனால் கல்லூரியில் செய்து பார்த்ததை வீட்டில் செய்தான். எண்ணெய் மில்லுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும் கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கினான். அந்தக் கரிக்குள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அரைத்து, பசை சேர்த்து இரண்டு தகடுகளில் பூசி, நடுவே தண்ணீர் விட்டு லேசாக மின்சாரம் கொடுப்பான். உப்பு பிரிந்து இரண்டு பக்கக் கரியிலும் ஒட்டிக்கொள்ளும். கரி நிறைந்ததும் ஒயரை மாற்றிக் கொடுத்தால் உப்பைக் கக்கிவிடும்.

"கடல் தண்ணியவே குடிக்க வெக்கலாம் அம்மணி, நம்ம கெணறு எம்மாத்திரம்?" என்பான். நாள் முழுக்கச் சொட்டினால் ஒரு சொம்பு சேரும்.

சேர்த்து வைத்த அந்தத் தண்ணீரை நம்பித்தான் அம்மா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் வீட்டாரை வரச் சொன்னாள். பெண்ணின் அப்பாவும் சித்தியும் வந்தார்கள். "தண்ணி இனிப்பா இருக்குதுங்க" என்றார் பெண்ணின் அப்பா. அண்ணன் பெருமையாகத் தகடுகளைக் காட்டினான். அவன் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனார்கள். தொட்டியில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். அதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. சித்தி சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாள். நுரையே வரவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் நேராகக் குறை சொல்லிவிட மாட்டார்கள். "சோப்பு பழசாட்ட இருக்குதுங்க" என்றாள். அதை அப்படியே நம்பிய என் மகராசி அம்மா, "அய்யோ, இருங்க வாரேன்" என்று உள்ளே ஓடி, புதுச் சோப்பைப் பிரித்துக் கொண்டுவந்து நீட்டினாள். அதுவும் நுரைக்கவில்லை. சித்தியின் விரல்களில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்க தம்பி, அந்த மிசினுல ஒரு நாளைக்கு எத்தன கொடம் வருமுங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு சொம்புங்க" என்றான் அண்ணன்.

"போயிட்டுத் தகவல் சொல்றோமுங்க" என்று கும்பிட்டுப் போனார்கள். தகவல் வரவில்லை. அந்த மரியாதையின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அம்மா தபால்காரரைப் பார்த்துப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டாள்.

பிறகு என்னைக் கோயமுத்தூரில் சிறுவாணி ஆற்று நல்ல தண்ணீர் வரும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணனுக்கு அமையவே இல்லை. தரகர்கள் வருவதும் நின்றது. அம்மாவும் போய்விட்டாள். அவன் மட்டும் தகடுகளுக்குப் புதுக் கரி பூசிக்கொண்டிருந்தான்.

ஒருமுறை போனபோது சொம்பை என் முன்னால் வைத்தான். "குடி அம்மணி, உனக்குன்னு புடிச்சு வெச்சேன்."

"நீ குடிண்ணா" என்றேன்.

"எனக்கெதுக்கு? இது விருந்தாளிக்கு" என்று சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு குடித்தான்.

சொம்பை எடுத்துக் குடித்தேன். அந்த வீட்டுக்கு வர மிச்சமிருந்த விருந்தாளி நான் ஒருத்திதான்.