ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவில் முப்பது

உதடு மட்டும் அசைய, பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. போன வாரம் குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது என்று கணவர் அலறியபோதும், முப்பது வரை போய்விட்டுத்தான் திரும்பினார். அதற்குள் தண்ணீர் கூடம்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக் குழல் வால்வுகளில் இயங்கும் கிதார் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஒன்று குடும்பத்துக்கு, மற்றது ஊரிலுள்ள கிதார்க்காரர்கள் கெடுத்துக்கொண்டு வரும் பெட்டிகளுக்கு. எது பெரிய அறை என்று கணவரிடம் கேட்காதீர்கள், பாவம். பெட்டியைத் திறந்துவிட்டால் அம்மாவின் இடது கை சட்டைப் பைக்குள் போய்விடும். "ரெண்டு கையும் உள்ள விட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும். ஒரு கைன்னா திட்டிட்டு வேலையப் பாக்கலாம்."

இந்தப் பெட்டிகளின் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய அரங்குக்கு நூறு வாட், சின்ன அரங்குக்கு ஐம்பது. வாசித்துக்கொண்டே அதைத் தட்டினால் வால்வு போகும், அதன் பின்னாலேயே டிரான்ஸ்ஃபார்மரும் போகும். முதலில் சத்தத்தை நிறுத்தும் 'ஸ்டாண்ட்பை' போட்டு, உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்தம் இறங்கக் காத்திருந்து, பிறகுதான் மாற்ற வேண்டும். சரிசெய்து அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுவார்: 'ஸ்பீக்கர் வயரைச் செருகு. ஸ்டாண்ட்பை போடு. முப்பது எண்ணு. அப்புறம் மாத்து. அவசரமா? புல்லாங்குழல் கத்துக்கோ.'

சீட்டைப் படிக்காத ஒரே ஆள் அவருடைய சொந்தத் தம்பி. நாற்பத்தைந்து வயதுக் கிதார்க்காரர். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கும் என்று போன வருடம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு முழு வால்யூமில் வாசித்தார். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் கருகிய புகை போனது. அக்கா நான்கு மாதம் பேசவில்லை. தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, தம்பியின் மனைவியிடம், "உன் வீட்டுக்காரரை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியின் குழுவுக்குக் கச்சேரி. ஆறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த மேடை. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் அரங்க மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு மேடையோரம் வந்து கத்தினார்: "சத்தத்தைக் குறைக்கிறீங்களா, இல்ல மெயினை ஆஃப் பண்ணவா?"

மீட்டிய தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி பெட்டியின் பின்பக்கச் சுவிட்சுக்கு வலது கையை நீட்டினார்.

இரண்டாம் வரிசையில் இருந்த அக்காவுக்குப் படிக்கட்டைத் தேடப் பொறுமையில்லை. மேடை விளிம்பில் முழங்காலை ஊன்றி ஏறிப்போய்த் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கையை எடுடா."

"அக்கா! பாட்டு நடுவுல..."

"பாட்டைத் திரும்ப வாசிச்சுக்கலாம். கருகின டிரான்ஸ்ஃபார்மருக்கு உங்கப்பனா வந்து கம்பி சுத்துவான்?"

இருவருக்கும் ஒரே அப்பன் என்பது அப்போது நினைவில் இல்லை.

ஸ்டாண்ட்பை போட்டார். கிதார் ஊமையானது. டிரம்ஸ்காரர் கொஞ்ச தூரம் தனியாக ஓடிப் பார்த்துவிட்டு அவரும் நின்றுவிட்டார். ஒண்ணு, ரெண்டு என்று அக்கா எண்ணியது பக்கத்து மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது. எட்டில் பின்வரிசையில் யாரோ சேர்ந்துகொண்டார். பதினைந்தில் முந்நூறு பேரும் எண்ணினார்கள்.

தம்பி காது மடல்வரை சிவந்து தரையைப் பார்த்தார். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்குறியே" என்று பல்லைக் கடித்தார். பத்தொன்பது என்பதுதான் பதில்.

முப்பது வந்ததும் சுவிட்சை ஐம்பதுக்குத் தள்ளி, ஸ்டாண்ட்பையை எடுத்து, "இப்ப வாசி" என்றார். அதுவரை எந்தப் பாட்டுக்கும் விழாத கைதட்டல் அதற்கு விழுந்தது. அந்த எரிச்சலை எல்லாம் சேர்த்துத் தம்பி தந்தியில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பாதிப் பலத்தில் திணறிய வால்வுகளிலிருந்து தடித்த, இனிப்பான ஓர் உறுமல் வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டார். மேலாளர் காதிலிருந்து கையை எடுத்தார்.

கச்சேரி முடிந்தபோது அக்கா மேடைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பி விறுவிறுவென்று வந்தார். சண்டை நிச்சயம் என்று டிரம்ஸ்காரர் ஓரமாக ஒதுங்கினார்.

தம்பி மேடைப் பக்கம் கை காட்டினார். "ஆம்பைத் தூக்கிடலாமா, இல்ல இன்னும் ஆறணுமா?"

அக்கா உட்கார்ந்திருந்த மரப்பெட்டியில் நகர்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.