மலையை மறைத்தவர்கள்

எங்கள் குடும்பத்தில் பெரு நாட்டுப் பைத்தியம் பிடித்தவர் என் அக்கா. பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்களுக்கு அடுத்த தெருவுக்கு வந்து குடியேறியவர். கோவில் ஆட்களோடு பஸ் பிடித்து லூர்து, பாத்திமா என்று எல்லா மாதாவையும் கும்பிட்டு முடித்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "மாதா எல்லாம் பாத்தாச்சு. இனி மச்சு பிச்சு பாக்கப் போறன்" என்றார்.

எனக்கு அது ஏதோ சாப்பாட்டின் பெயர் மாதிரி இருந்தது. மலை உச்சியில் இன்கா மக்கள் கட்டிய பழைய நகரம் என்று அவர்தான் விளக்கினார். யூடியூபில் பார்த்துப் பார்த்து, அந்த மலைக்குப் போகிற வழியில் இருக்கும் குஸ்கோ நகரத்தை, பக்கத்திலுள்ள குரோய்டனைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். நானும் மனைவியும் துணைக்குப் போவதாக ஏற்பாடு. பாரிஸ் போனால் மச்சான் வீடு, சூரிச் போனால் சித்தப்பா வீடு என்று போய்ப் பழகியவர்கள் நாங்கள். பெருவில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லையே என்பது என் மனைவிக்குப் பெரிய கவலையாக இருந்தது.

புறப்படுவதற்கு முந்திய வாரம் அக்கா பஸ்ஸில் இருந்து இறங்கும்போது கால் புரண்டு விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போட்டார்.

"நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ."

"நீங்கள் இல்லாமல் என்னெண்டு போறது, மச்சாள்?" என்றாள் மனைவி.

"எனக்காகத்தான் போறியள். வடிவாப் பாத்து, படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கோ. எனக்கு அது காணும்."

சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது போதாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை. போனோம்.

பயணம் அருமையாகத்தான் இருந்தது. குஸ்கோவின் உயரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. என் மனைவிக்கு ஒன்றும் இல்லை, கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டு சந்தையில் மிளகாய் விலை கேட்டுக்கொண்டு திரிந்தாள். போன இடமெல்லாம் மறக்காமல் படம் எடுத்தோம். ஒரு குறையும் வைக்கவில்லை என்ற திருப்தியோடு லண்டன் திரும்பினோம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். மனைவி ரோல்ஸ் பொரித்தாள். அக்கா சோபாவில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டார். தலையை வாரி, நல்ல சேலை உடுத்து, கண்ணாடியையும் துடைத்துப் போட்டிருந்தார். நான் தொலைபேசியை டிவியோடு இணைத்தேன்.

முதல் படம் குஸ்கோவில் உள்ள பன்னிரண்டு மூலைக் கல். இன்காக்கள் மண்ணோ சாந்தோ பூசாமல் மற்றக் கற்களோடு பொருத்திய பெரிய கல். படத்தில் என் மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"மூண்டு மூலைதானே தெரியுது. மிச்சம் எங்கை?" என்றார் அக்கா.

"இவவின்ர பின்னாலை" என்றேன்.

அடுத்தது மாராஸ் உப்பளம். மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள் அடுக்கடுக்காக இறங்கும் இடம். அதை என் வயிறு மறைத்திருந்தது. டிட்டிகாக்கா ஏரியில் நாணல் புல்லால் செய்த மிதக்கும் தீவு என்றால், நாங்கள் இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு நின்றோம். தீவும் இல்லை, ஏரியும் இல்லை. ஒட்டகம் மாதிரியான லாமா ஒன்று மட்டும் முழுதாக விழுந்திருந்தது. அதுவும் நாங்கள் பக்கத்தில் போனால் துப்பிவிடும் என்று பயந்து தள்ளி நின்றதால்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இதில் எங்கள் பிழை என்ன? எங்கள் ஆட்களுக்கு ஆள் இல்லாத படம் ஒரு படமே அல்ல. ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நின்றால் கோபுரத்தின் கால் மட்டும்தான் தெரியும். கலியாண வீட்டுப் படத்தில் மணவறையைக் கண்டவர் யார்? போனோம் என்பதற்கு முகம்தானே சாட்சி. வழியில் போன வெள்ளைக்காரரிடம் தொலைபேசியைக் கொடுத்து, "கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட" என்று கைகாட்டிக் கூப்பிட்டதே என் மனைவிதான்.

பிறகு மச்சு பிச்சு வந்தது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரை முழுக்க நாங்கள். என் தலைக்கு மேலே ஒரு மலை நுனி குடுமி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"தம்பி, மலை எங்கை?"

"எங்களுக்குப் பின்னாலை, அக்கா."

அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, மெல்ல மெல்ல டிவிக்குப் பக்கத்தில் போனார். என் தோளுக்கும் மனைவியின் தோளுக்கும் இடையில் கொஞ்சம் பச்சை தெரிந்தது. அதில் விரலை வைத்தார்.

"இது படி படியாக் கட்டின வயல். இதுக்கு மேலைதான் சூரியன்ர கோயில் இருக்கு."

நேரில் போய் வந்த எனக்கு அது தெரியாது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோல்ஸ் தட்டோடு குசினிக்குள் போய்விட்டாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்கட மூஞ்சியளைத்தான் நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனே. சரி, விடுங்கோ. கால் மாறட்டும். நான் போறன், நீங்கள் கூட வாங்கோ."

கால் குணமானது. அதற்குள் நான் படம் எடுக்கப் பழகினேன். கிறிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குப் போய்க் குளத்தையும் மரங்களையும் ஆள் இல்லாமல் எடுத்தேன். மனைவி பழக்கதோஷத்தில் நடுவில் வந்து வந்து நிற்பாள், துரத்த வேண்டியிருந்தது. மறுபடி ஒரு குறை வரக்கூடாது என்று மனதில் சபதம்.

அடுத்த வருடம் மூன்று பேரும் போனோம். மச்சு பிச்சுவுக்கு மேலே ஏறியபோது எங்கும் வெள்ளைப் பனிப்புகார் மூடியிருந்தது, ஒரு கல்கூடத் தெரியவில்லை. அக்கா புதுச் சப்பாத்தும் குளிர் ஜாக்கெட்டும் போட்டு, அதற்குள்ளே சேலையும் கட்டி, ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறையும் கிடைக்காதோ என்று நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். லூர்து மாதாவா, பாத்திமா மாதாவா, யார் கேட்டாரோ தெரியாது, புகார் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் வயல்கள், பிறகு சுவர்கள், பிறகு அந்த முழு மலை.

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. நான் கடமையே கண்ணாக ஒதுங்கி நின்று, ஆள் யாரும் விழாமல் மலையை மலையாகவே எடுத்துத் தள்ளினேன். காலண்டரில் போடலாம், அவ்வளவு வடிவு.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன எடுக்கிறாய்?"

"மலையை, அக்கா. முழுசா விழுந்திருக்கு."

"மலையை நான் பாத்திட்டன். என்னை எடு. கிட்ட வா, இன்னும் கிட்ட."

எடுத்தேன். இப்போது அந்தப் படம் சட்டம் போட்டு, தோர்ண்டன் ஹீத்தில் அக்கா வீட்டு முன்னறையில் தொங்குகிறது. ஈரக் கன்னத்தோடு அக்கா சிரிக்கும் சிரிப்பு படம் முழுவதும் நிறைந்திருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மச்சு பிச்சு எண்டு சொன்னியள், மலையைக் காணேல்லையே அக்கா?"

அக்கா தன் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குப் பின்னாலை."